பதினேழாம் எண் கம்பம்

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து
ஸ்க்ரூடிரைவரால் தட்டினார் உர்போ.
மூன்றாவது தட்டில் அது உள்ளே போய்விட்டது,
தேநீரில் ஊறின பிஸ்கட்டில் விரல் போவதுபோல.
"ஆ" என்றார் அடியிலிருந்து.
அந்த ஓரெழுத்துக்கே
இருநூறு யூரோ ஆகுமென்று துய்யாவுக்குத் தெரியும்.

கோவொலாவில்
அக்டோபர் பிறந்தால் சாலைக்கு உப்பிடுகிறார்கள்,
ஏப்ரல் வரை நிறுத்துவதில்லை.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது சொல்.
ஓப்பல் நினைத்தது.
கதவுகளின் மடிப்பில், சக்கரக் கிண்ணத்தில்,
பிரேக் குழாய் ஓடும் இருட்டில்
இருபத்திரண்டு குளிர்காலம் நினைத்து நினைத்து
இப்போது உள்ளளவு என்று எதுவும் இல்லை.

அட்டைப்பெட்டி மூடியில் கணக்கு எழுதினார்:
தரைத்தகடு, வெல்டிங், குழாய், பின்பக்க ஸ்பிரிங், கூலி.
இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது.
"வண்டி என்ன போகும்?"
"இருநூறு."
கொஞ்ச நேரம் கைகளைத் துடைத்துவிட்டு,
"டாங்க் நிறைய பெட்ரோல் இருந்தால்
இருநூற்று எண்பது."

ஆறு வருடமாக அணையாத ஆரஞ்சு விளக்கின் மேல்
பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள் அவள்,
வீடு வீடாகப் போய் கிழவர்களின் கையில் ஒட்டும்
அதே பிளாஸ்திரி.
எதை ஆற்ற முடியும், எதை மூடித்தான் வைக்க முடியும் என்பது
தொழிலில் தெரிந்தது.

உடைக்கிற இடத்தில் ஒரு சின்னப் பெண்,
காதில் பென்சில்,
காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"உரிமையாளர் இரண்டு பேர் போட்டிருக்கு.
ரௌனோ யார்?"

ஒன்பது வருடத்துக்கு முன்
எல்லாவற்றையும் பிரித்தாயிற்று.
படகு அவனுக்கு. தையல் மெஷின் அவளுக்கு.
கரண்டிகள் ஆறு, ஆறு.
யார் ஓட்டுவதென்று பேசினார்கள்;
காகிதத்தில் யார் என்று
பேச மறந்திருக்கிறார்கள்.

மறுநாள் பஸ்ஸில் வந்தான்,
பனிச்சேறு முழங்கால்வரை.
கையெழுத்துப் போட்டான்.
பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல்
"ஒரு தடவை உட்காரலாமா?" என்றான்.

ஆறடி இரண்டங்குலம். முழங்கால்கள் ஸ்டியரிங்கில் இடித்தன.
கீழே கைவிட்டு நெம்புகோலை இழுத்தான்.
இன்னொரு தடவை, உடம்பையும் சேர்த்து.
இருக்கை அசையவில்லை.
அவள் உயரத்திலேயே
துருப்பிடித்துப்போயிருந்தது தண்டவாளம்.

"ஒருதடவைகூட இதைப் பின்னால் தள்ளவில்லையா நீ?"

"யாருக்காக?"

அப்புறம் ஃபோர்க்லிஃப்ட் வந்தது.
ஜன்னல் வழியாக முள்ளை நுழைத்துத்
தூக்கிக்கொண்டு போனது.
சத்தம் பெரிதாக இருக்குமென்று
காதைப் பொத்தத் தயாராக இருந்தார்கள் இருவரும்.
அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை.
ஒரு சான்றிதழ் கிடைத்தது. முத்திரை கொஞ்சம் கோணல்.

பஸ் நிறுத்தம் இரண்டரை கிலோமீட்டர்.
நடந்தார்கள், சாலையின் ஒரே ஓரத்தில்,
அவன் முன்னால், அவள் பின்னால்,
லாரி வரும்போது மட்டும் நின்று.
பிர்ச் மரங்கள் முடிகிற இடத்தில்
திரும்பாமலே சொன்னான்:
"ஹீட்டர் நல்ல ஹீட்டர்."
"கடைசிவரைக்கும்" என்றாள்.
அவனுடைய பஸ் முதலில் வந்தது.

குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில்
பதினேழாம் எண் மின்கம்பம் அவளுடையது.
எஞ்சினைச் சூடேற்ற, மே மாதம் வரை பணம் கட்டியாயிற்று.
காலை ஐந்துக்கு டைமர் டக்கென்று திரும்பும்.
மூன்றாம் மாடிக்கு அது கேட்காது;
இருந்தும் அந்த நேரத்துக்குத்தான் விழிப்பு வந்தது.

ஐந்து நாற்பது பஸ்ஸுக்கு
ஊசிப் பையோடு இறங்கினாள்.
பனியில் கிடந்த ஒயரை எடுத்து, உதறி,
கம்பத்தில் சுற்றி மாட்டினாள்.
டைமரைத் தொடவில்லை.